பெட்டி போனது, முடி பேசியது

1948 டிசம்பர் 1 காலை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை ஒட்டிய சோமர்டன் கடற்கரையில், தடுப்புச் சுவரில் தலை சாய்த்தபடி ஒருவர் இறந்து கிடந்தார். கோட்டு, டை, நன்றாகப் பாலிஷ் போட்ட ஷூ. ஆனால் பர்ஸ் இல்லை, அடையாள அட்டை இல்லை, உடைகளில் லேபிள்கள்கூட இல்லை. உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'சோமர்டன் மனிதர்' வழக்கு இதுதான்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உளவாளி, விஷம், சங்கேதக் குறிப்பு என்றுதான் ஆரம்பிப்பார்கள். சுவாரசியமான விஷயங்கள்தான். ஆனால் இறந்தவரைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொன்னவை அந்தக் கதைகள் அல்ல. அவர் சட்டைப்பையிலும் பெட்டியிலும் கிடந்த சாதாரணப் பொருட்கள்தான் சொல்லின.

அவர் பையில் அடிலெய்டிலிருந்து ஹென்லி பீச் போவதற்கான ரயில் டிக்கெட் ஒன்று இருந்தது. அது பயன்படுத்தப்படவில்லை. கூடவே ஒரு பஸ் டிக்கெட். ஆக, ரயிலில் போக நினைத்தவர் ஏதோ காரணத்தால் மனசு மாறி பஸ் ஏறியிருக்கிறார். 1949 ஜனவரியில் அடிலெய்டு ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையில் யாரும் திரும்ப எடுக்காத ஒரு பழுப்புப் பெட்டி கிடைத்தது. நவம்பர் 30 காலை 11 மணிக்குப் பிறகு ஒப்படைக்கப்பட்ட பெட்டி அது. அவருடையதுதான் என்று எப்படித் தெரிந்தது? உள்ளே மெழுகு பூசிய ஆரஞ்சு நூல் இருந்தது. இறந்தவரின் கால்சட்டைப் பையைத் தைத்திருந்ததும் அதே வகை நூல்தான்! பிரேதப் பரிசோதனையோ, சாவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு அவர் ஒரு பேஸ்ட்டி சாப்பிட்டிருந்தார் என்றது. முந்தின நாள் மாலை அதே இடத்தில் ஒருவர் படுத்திருந்ததைப் பார்த்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள்.

ஒரு நூலும் இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து, வாய் பேச முடியாத ஒருவரின் கடைசி நாளில் பாதியைச் சொல்லிவிட்டன.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பொருட்கள் சொன்னதோடு மனிதர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த நூல் ஆஸ்திரேலியாவில் கிடைக்காது, கோட்டின் தையல் அமெரிக்கத் தையல், அதனால் ஆள் வெளிநாட்டுக்காரர் என்றார்கள். கெண்டைக்கால் தசையைப் பார்த்து நடனக்காரராக இருக்கலாம் என்றார்கள். ஷூ இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, உடலை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருப்பார்களோ என்றும் சந்தேகப்பட்டார்கள். பெட்டியில் இருந்த டையில் 'டி. கீன்' என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரில் காணாமல் போனவர் யாரும் அகப்படவில்லை. உடனே, திசைதிருப்பவே அதை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று ஒரு விளக்கம் பிறந்தது.

2022 ஜூலையில் அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபோட்டும் அமெரிக்க மரபணு வம்சாவளி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் ஒரு பெயரை அறிவித்தார்கள்: கார்ல் வெப். 1905-ல் மெல்போர்னில் பிறந்தவர், மின்கருவித் தொழில் தெரிந்தவர். தெற்கு ஆஸ்திரேலியக் காவல்துறை அதை உடனே உறுதிப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரை வைத்துப் பார்த்தால் பழைய தடயங்கள் எவ்வளவு எளிதாக இடத்தில் பொருந்துகின்றன! வெப்பின் அக்கா கணவர் பெயர் தாமஸ் கீன். உறவினர் உடுத்திய பழைய டையைப் போட்டுக்கொள்வது எந்தக் குடும்பத்திலும் நடக்கிற விஷயம். பெட்டியில் இருந்த ஸ்க்ரூடிரைவர், கூர்தீட்டிய கத்தி எல்லாம் ஒரு தொழிலாளியிடம் இருக்கக்கூடியவைதான்.

இந்த விடை எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். 1949-ல் அடக்கம் செய்யும் முன் அவர் தலைக்கும் தோளுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்தார்கள். அதில் சில முடிகள் ஒட்டிக்கொண்டன. டி.என்.ஏ. என்றால் என்னவென்று போலீசுக்குத் தெரியாத காலம் அது. யாரும் திட்டமிட்டுச் சேமிக்கவில்லை. எழுபது வருஷம் கழித்து அந்த முடிதான் பேசியது.

மற்றவை? அந்தப் பழுப்புப் பெட்டி இனித் தேவையில்லை என்று 1986-ல் அழிக்கப்பட்டது. இறந்தவரின் பையில் இருந்த துண்டுக் காகிதம் எந்த உமர் கய்யாம் புத்தகத்திலிருந்து கிழிக்கப்பட்டதோ, அந்தப் புத்தகமும் தொலைந்துபோனது. நூலையும் கோட்டையும் இன்றைய கருவிகளோடு சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. கதைகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

பெயர் தெரியாமல் இறந்தவருக்காகப் பேச யாரும் இல்லை. அவர் கையோடு கொண்டுவந்த பொருட்கள்தான் அவருக்கு மிச்சமிருக்கும் சாட்சி. 1949-ல் அந்தச் சாட்சியைத் தப்பாகப் புரிந்துகொண்டதைப் பெரிய குற்றம் என்று சொல்ல முடியாது. அன்றைய அறிவு அவ்வளவுதான். பொருள் கையில் இருந்தால் தப்பான விளக்கத்தைப் பின்னால் வருகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். பொருளையே அழித்துவிட்டால் யார் வந்து திருத்துவது? வழக்கு முடியாதவரை அடையாளம் தெரியாதவரின் ஒரு பொருளைக்கூட எந்தக் காவல்துறையும் வெளியே போடக்கூடாது. இடம் இல்லை என்பது ஒரு காரணமே அல்ல. ஒரு பெட்டி வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?

அன்று பகல் முழுக்க கார்ல் வெப் எங்கே இருந்தார், எதற்காக அந்தக் கடற்கரைக்குப் போனார், எப்படி இறந்தார் என்பதற்கு இன்னும் விடை இல்லை. ஒருவேளை அதற்கான விடை அந்தப் பெட்டியோடு எரிந்தோ மக்கியோ போயிருக்கலாம்.