பின் அச்சின் பல் கணக்கை யார் கேட்பது?

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ புது ட்ரெய்லர் வண்டி வாங்கப் போகிறவர் விலை, மாதத் தவணை, மைலேஜ் மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் குதிரைத்திறனுக்கு வருகிறார். பின் அச்சில் இருக்கும் கிரவுன்–பினியன் பற்சக்கரங்களின் பல் விகிதம் என்ன என்று கேட்பவர் குறைவு. கேட்டே ஆக வேண்டும்.

ட்ரெய்லர் வண்டிகளின் மொத்த எடை வரம்பை 2018இல் மத்திய அரசு 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது. சமதளத்தில் 55 டன்னை மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓட்ட ஏறக்குறைய 125 குதிரைத்திறன் போதும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்திலோ 220 குதிரைத்திறன் இன்ஜினே மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டத் திணறும். 300 இருந்தால் 20 வரை போகலாம். எந்த அச்சைப் போட்டாலும் இன்ஜினின் திறன் கூடிவிடாது.

அச்சு தீர்மானிப்பது இன்ஜினின் சுற்று வேகத்தை. டாப் கியர் நேரடியாக இருக்கும் 20 அங்குல ரிம் டயர் வண்டி 60 கிலோமீட்டரில் போகும்போது, 6.83 அச்சு விகிதத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,100 சுற்று சுற்றும், 4.56இல் 1,400தான். இன்றைய பெரிய டீசல் இன்ஜின்கள் பலவற்றுக்கு நல்ல இழுவை கிடைப்பது 1,200க்கும் 1,600க்கும் இடையில்.

அவிநாசி, வாளையாறு வழியாகக் கொச்சி போகும் வண்டி பாலக்காட்டுக் கணவாயில் மலை ஏறுவதில்லை. பழைய குதிரான் ஏற்றத்தையும் 2021இல் திறந்த சுரங்கம் மிச்சப்படுத்திவிட்டது. அந்த வண்டிக்கு 6.83 போட்டால் டீசல்தான் வீண். தொப்பூர் மலைப்பாதை ஏறி பெங்களூரு போகும் வண்டிக்கு 4.56 போடுவதானால், முதல் கியர் போதிய அளவு தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றத்தில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தேயும்.

இறக்கத்தில் அச்சு விகிதம் உயிர்ப் பிரச்சினை. தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கிறது; அச்சு விகிதம் உயர உயர அந்தப் பிடியும் கூடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் 55 டன்னும் பிரேக் மீது விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது.

ஆகவே விலைப்பட்டியலிலேயே அச்சு விகிதம், முதல் கியர் விகிதம், 60 கிலோமீட்டரில் இன்ஜின் சுற்று மூன்றையும் தமிழில் அச்சிட்டுத் தரும்படி லாரி உரிமையாளர் சங்கங்கள் விற்பனை நிலையங்களைக் கேட்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், முந்தைய உரிமையாளர் அச்சை மாற்றினாரா என்பதையும் விசாரிக்க வேண்டும். மாற்றியிருந்தால் கம்பெனி புத்தகத்தில் இருக்கும் எண் அந்த வண்டிக்குப் பொருந்தாது.