பொன்னாடை வேணாம், ஒரு கைத்தறித் துண்டு போதும்

விழா மேடையில போத்துற பொன்னாடை வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகுதுன்னு யாராச்சும் யோசிச்சிருக்கீங்களா? செயற்கை இழை, ஜிகினா ஜரிகை. துடைச்சா தண்ணியை உறிஞ்சாது, போத்தினா குளிர் அடங்காது. கடைசியில அடுத்த விழாவுல அடுத்த ஆள் தோளுக்குப் போகும். இப்படியே ஊர் சுத்துற பொன்னாடைங்க எத்தனையோ :-)

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். மரியாதை செய்யணும்னா கைத்தறித் துண்டு போடுங்க.

கொல்லிமலையில, அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிற எங்க வளப்பூர் நாட்டுல துண்டுங்கிறது அலங்காரப் பொருள் இல்லை. மூட்டை தூக்கும்போது சும்மாடு. வெயிலுக்கு உருமால். மார்கழிப் பனியில காதைச் சுத்திக் கட்டிக்க அதுதான். சாமி முன்னாடி நின்னா இடுப்புக்கு வந்துடும். சந்தையில வாங்கின சாமானை முடிஞ்சுக்கவும் அதேதான். ஒரே துணி, இத்தனை வேலை!

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். அதே வரிசையில வர்ற பேகன் மயிலுக்குக் கொடுத்தது பொன்னாடை இல்லீங்க, போர்வை. குளிர்ல நடுங்குதேன்னு நினைச்சுக் கொடுத்தது. மயிலுக்கு அது தேவையாங்கிறது வேற விஷயம். ஆனா வாங்குறவங்களுக்கு உதவணும்னு நினைச்ச மனசு இருக்கே, அதைத்தான் நாம மேடையில தொலைச்சுட்டோம்.

"துண்டுதானே"ன்னு லேசா நினைச்சுடாதீங்க. யார் தோள்ல துண்டு கிடக்கலாம், யார் அதை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கணும்னு சாதி தீர்மானிச்ச ஊர் இது. நாதஸ்வரக் கலைஞர் தோள்ல துண்டோட வாசிக்கக் கூடாதுன்னு சொன்னவங்களை எதிர்த்து பட்டுக்கோட்டை அழகிரிசாமி நின்னது சுயமரியாதை இயக்க வரலாறு. அப்படிப் போராடி தோளுக்கு வந்த துணி. மரியாதைக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன இருக்கு?

இன்னொரு விஷயம். கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம்னு 1985ல ஒண்ணு வந்தது. முதல்ல 22 ரகங்களை கைத்தறிக்குன்னு ஒதுக்கினாங்க. பிறகு அது 11 ஆக சுருங்கிடுச்சு. அந்த 11லயும் துண்டும் அங்கவஸ்திரமும் இருக்கு. சட்டம் காப்பாத்துறது ஒரு பக்கம். ஆனா வாங்க ஆள் இல்லைன்னா சட்டம் வந்து தறி ஓட்டுமா? எங்க நாமக்கல் மாவட்டத்துலயே பள்ளிபாளையத்துலயும் குமாரபாளையத்துலயும் விசைத்தறியை நம்பி ஏகப்பட்ட குடும்பங்க இருக்கு. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாருக்கும் உதவாத மினுமினுப்புக்குக் கொட்டுற காசுல கொஞ்சம் தறிக்குழிக்குப் போகட்டும்னுதான் சொல்றேன்.

"விலை கூடுமே"ம்பீங்க. கூடும்தான். மேடையில இருபது பேருக்குப் போத்துறதை அஞ்சு பேரோட நிறுத்துங்க, கூட்டமும் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் :-) "பொன்னாடைக்குப் பதிலா புத்தகம் கொடுங்க"ன்னு 2017ல ஸ்டாலின் கட்சிக்காரங்ககிட்ட சொன்னார். நல்ல விஷயம். புத்தகத்தைத் துண்டுல சுத்திக் கொடுங்க, ரெண்டும் ஆச்சு.

வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க, 2006லேர்ந்து இருக்கு. கோ-ஆப்டெக்ஸ்ல கேளுங்க. பெரிய விழான்னா பக்கத்துல சேலம் வெண்பட்டு அங்கவஸ்திரம் இருக்கு, புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. இளவட்டங்க ஜீன்ஸ் சட்டைக்கு மேல கழுத்தைச் சுத்திப் போட்டாலும் எடுப்பா இருக்கும். பொண்ணுங்க குர்தாவுக்கு மேல ஒரு பக்கத் தோள்ல விட்டாலும் அழகுதான்.

பருத்தித் துண்டை முதல் தடவை பச்சைத் தண்ணியில தனியா அலசுங்க, சாயம் இறங்கலாம். பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. நிழல்ல காயட்டும். எங்க மலை மாதிரி மேகம் வீட்டுக்குள்ளயே வந்து போற ஊர்னா, நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் மடிக்கணும், இல்லைன்னா கரும்புள்ளி விழுந்துடும். பட்டு அங்கவஸ்திரத்தை வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி வைங்க. சென்ட்டு ஜரிகை மேல படக் கூடாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை மடிப்பை மாத்தி வச்சா, மடிச்ச இடத்துல இத்துப் போகாது.

ஆடிப் பதினெட்டுக்கு இங்க ஓரி விழா. அது முடிஞ்ச சில நாள்லயே ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி தினம். 2015லேர்ந்து கொண்டாடுறாங்க. நம்ம பதிவர் சந்திப்புலயாவது இதை ஆரம்பிப்போமே மக்களே? அடுத்த சந்திப்புக்கு முதல் துண்டு என் செலவு.