நாலு எம்.பி. அறையின் சாவி

திருவனந்தபுரத்துக்கும் லினக்ஸுக்கும் பழைய உறவு. 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பைத் தொடங்கிவைத்தது இங்கேதான். கேரளப் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் லினக்ஸுக்கு மாறியது அதன் பிறகு. சி-டாக் நிறுவனத்தின் வேகா பிராசஸர்கள் உருவானதும் இதே ஊரில். அன்றைய வாதம் எளிமையானது: கருவி யாருடையதோ, அதை மாற்றும் உரிமையும் அவருடையது.

இன்று அந்த வாதம் ஒரு சின்ன அறைக்குள் வந்து நிற்கிறது.

லினக்ஸில் ஓடும் சிறு சாதனங்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் கிடையாது. போர்டிலேயே பற்றவைத்த இ.எம்.எம்.சி. என்ற பிளாஷ் சிப்தான் எல்லாம். வெளியே பார்த்தால் ஒரே சிப். உள்ளே தனித்தனி அறைகள். பெரிய அறையில் லினக்ஸும் தகவல்களும். ‘பூட் 0’, ‘பூட் 1’ என்று இரண்டு குட்டி அறைகள். பல சிப்களில் தலா 4 எம்.பி.தான். லினக்ஸைத் தட்டி எழுப்பும் யூ-பூட் போன்ற தொடக்க புரோகிராமை வைக்க அது போதும்.

எந்த அறையைத் திறப்பது? சிப்பில் உள்ள 512 பைட் பதிவேட்டில் 179 என்ற எண்ணுள்ள பைட் அதைச் சொல்கிறது. புரோகிராமை ஓர் அறையில் எழுதிவிட்டு இந்தப் பைட்டை மாற்ற மறந்தால், பிராசஸர் வேறு இடத்தில் தேடும். திரையில் ஒன்றும் வராது. சிப் கெட்டுவிட்டது என்று போர்டையே தூக்கிப் போடுபவர்களும் உண்டு.

அறைகள் இரண்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புதிய புரோகிராமை, பயன்பாட்டில் இல்லாத அறையில் எழுத வேண்டும். திரும்பப் படித்து, சரிபார்த்த பிறகே பைட்டை மாற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் பழைய அறை பத்திரமாக இருக்கும். கை தவறி அழித்துவிடக் கூடாதென்று லினக்ஸ் இந்த அறைகளைப் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது. எழுத வேண்டுமானால் பூட்டை வேண்டுமென்றே திறக்க வேண்டும்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. 173ஆம் பைட்டில் நிரந்தரத் தடையை ஒருமுறை போட்டுவிட்டால், அந்த அறையில் பிறகு யாரும் எழுத முடியாது. போட்டவராலும் முடியாது. விஷமிகள் உள்ளே புகாமல் தடுக்க இது உதவும். ஆனால் தொடக்க புரோகிராமில் பின்னால் ஒரு பிழை தெரியவந்தால், அதுவும் உள்ளேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். சாதனத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

தற்காலிகத் தடையும் அதே பைட்டில் உண்டு. மின்சாரம் நின்று திரும்பினால் அது விலகிவிடும். தொழிற்சாலையில் எந்தத் தடையைப் போடுவது என்று முடிவெடுக்க ஒரு நொடி போதும். அதன் விளைவு சாதனத்தின் ஆயுள் முழுவதும். பூட்டு தேவைதான். சாவியையும் உள்ளே வைத்துப் பூட்டலாமா என்பதுதான் கேள்வி.