சச்சினுக்கும் சராசரி 13

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். காலேஜுக்காக இதை பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் கடக்கிற பையன்கள் வழியிலேயே ஒரு உலகக்கோப்பையை முடித்துவிடுவார்கள். தேவை ஒரு தடிமனான புத்தகம். காமர்ஸ் பசங்களிடம் அக்கவுண்டன்சி புத்தகம் இருக்கும். (அதற்காகவாவது அது திறக்கப்படட்டும்!)

2016-ல் டி.என்.பி.எல். ஆரம்பித்ததிலிருந்து விழுப்புரம் பேரில் ஒரு அணி வந்ததில்லை. திண்டிவனம் பேரிலும் இல்லை. அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு லீக் என்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடப்பதுதான். ஆல்-ஸ்டார் மேட்சும் அங்கேதான். ஒரு பக்கம் சச்சின், லாரா, அக்ரம். எதிர்ப்பக்கம் பான்டிங், காலிஸ், வார்ன்.

இதைப் பார்த்து "இதுவும் சூதாட்டம்தானே" என்பார்கள் பெருசுகள். "நாங்களும் இதைத்தான் செய்கிறோம், மொபைலில் செய்கிறோம், அவ்வளவே" என்பது ஃபேன்டசி கிரிக்கெட் கம்பெனிகள் பாடிய பாட்டு. இரண்டும் தப்பு. இரண்டாவது தப்பு மட்டுமல்ல, ஏமாற்று.

முதலில் புக் கிரிக்கெட்டின் கணக்கு. இடதுபக்க எண் எப்போதும் இரட்டைப்படை. கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஐந்தில் ஒன்று. 0 வந்தால் அவுட், 8 வந்தால் ஒரு ரன் (சில ஊர்களில் நோ பால், அது தனிப் பஞ்சாயத்து). ஐந்து தடவை திறந்தால் சராசரியாக 13 ரன், ஒரு விக்கெட். ஆக, பிராட்மேன் இறங்கினாலும் 13, முரளிதரன் இறங்கினாலும் 13. பேர் வெறும் அலங்காரம். சுத்தமான அதிர்ஷ்டம். அதில் திறமை இருக்கிறது என்று எந்தப் பையனும் சொன்னதில்லை.

திறமையும் கலந்த நிஜமான சிமுலேஷன் ஆட்டம் வேறு. அமெரிக்காவில் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று ஒரு பேஸ்பால் ஆட்டம், 1960-களிலிருந்து விற்பனையில் இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கார்டு. அவர் நிஜ சீசனில் எப்படி ஆடினாரோ அதை வைத்து அந்தக் கார்டு தயாராகும். பகடை உருட்டினால் கார்டு பதில் சொல்லும். 1981-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் ஜூலை 14-ல் கிளீவ்லாந்தில் நடக்க வேண்டிய ஆல்-ஸ்டார் மேட்ச் தள்ளிப்போனது. என்ன செய்தார்கள் தெரியுமா? அதே காலி ஸ்டேடியத்தில் பகடையை உருட்டி ஆல்-ஸ்டார் மேட்சை ஆடி முடித்தார்கள்! நிஜ மேட்ச் ஆகஸ்ட் 9-ல்தான் நடந்தது.

நோட்டிலும் இதைச் செய்யலாம். இரண்டு பகடைக்கு 36 சேர்க்கை. டிராவிடுக்கு அதில் ஒன்றில்தான் அவுட், முரளிதரனுக்கு ஆறில் அவுட் என்று அட்டவணை போட்டுப் பாருங்கள். யாரை எந்த இடத்தில் இறக்குவது என்று மண்டை காயும். 11 பேர் எதிர் 11 பேர். அது ஆட்டம்.

இனி ஆப்புக்கு வருவோம். டிரீம்11-ல் 100 கிரெடிட்டுக்குள் 11 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேப்டனுக்கு இரண்டு மடங்கு பாயிண்ட், வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை. அப்புறம்? அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்தப் பதினோரு பேர் ஓர் அணியாக யாரோடும் மோதுவதில்லை. வேறெங்கோ நடக்கிற மேட்சின் ஸ்கோரைக் கூட்டிப் பார்ப்பதுதான் மொத்த வேலை. காசைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் கூட்டல் கணக்கு.

2017-ல் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் இதைத் திறமை ஆட்டம் என்றது. 2018-ல் தோனியே விளம்பரத்துக்கு வந்தார். 2023-லிருந்து 2025 வரை இந்திய அணியின் சட்டையிலேயே அந்தப் பெயர். தல சொன்ன பிறகு ஹாஸ்டல் பையன் யோசிப்பானா?

திறமையா அதிர்ஷ்டமா என்று வருஷக்கணக்காக வாதாடியதே வீண். கேட்க வேண்டியது, காசு யார் கையில் தங்குகிறது என்பதைத்தான். ஒரு பேச்சுக்கு, 100 பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள், கம்பெனி 15 சதவீதம் எடுக்கிறது என்று வையுங்கள். வந்தது 5000, திரும்பப் போவது 4250. நூறு பேரும் கிரிக்கெட் மேதைகளாகவே இருக்கட்டும், அந்த 750 ரூபாய் எந்தத் திறமைக்கும் திரும்பி வராது. ஜெயிக்கிற ஓரிருவருக்குக் காசு தருவது கம்பெனி இல்லை, பக்கத்து பெஞ்சுக்காரன். பி.காம். முதல் வருஷக் கணக்குதான் இது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இந்தத் திறமை-அதிர்ஷ்டப் பட்டிமன்றத்தையே ஓரங்கட்டியது. எதுவாக இருந்தாலும் காசு கட்டி ஆடினால் தடை. அதே மாதம் டிரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. உடனே "வேலை போச்சு, 28 சதவீத ஜி.எஸ்.டி. போச்சு" என்று ஒப்பாரி. அந்த வரி யார் பாக்கெட்டிலிருந்து வந்தது என்று ஒப்பாரி வைத்தவர்கள் சொல்லவில்லை. "தடை செய்தால் கள்ளத்தனமாக வெளிநாட்டு சைட்டில் ஆடுவார்கள்" என்றும் ஒரு வாதம். ஆடுவார்கள், சிலர். ஆனால் அந்த சைட்டின் பெயர் இந்திய அணியின் சட்டையில் இருக்காது. அது சின்ன வித்தியாசம் இல்லை.

பெருசுகளுக்கு ஒரு வார்த்தை. அந்த நோட்டைக் கிழிக்காதீர்கள். அதில் தோற்றவன் அதிகபட்சம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கித் தருவான், அதுவும் பாதி நாள் கடன் சொல்லிவிட்டு ஓடிவிடுவான்.