ஏற்பாரற்ற சிறுநாய்

மலைச்சாரலில் தோகை விரித்து நின்ற மயிலைப் பேகன் கண்டான். அது குளிரால் நடுங்குகிறது என்று எண்ணினான். தன் தோளில் கிடந்த விலையுயர்ந்த போர்வையை எடுத்து அதற்கு அளித்தான். மயிலுக்குப் போர்வை வேண்டுமா, அதனை அது போர்த்துக்கொள்ளுமா என்று அவன் ஆராயவில்லை. இவ்வாறு ஆராயாது வழங்கும் கொடையைப் பழந்தமிழர் ‘கொடைமடம்’ என்றனர். மடம் என்பது அறியாமை. எனினும் தமிழுலகம் பேகனை இகழவில்லை. அவனுடைய நெஞ்சின் ஈரத்தையே பெரிதாகக் கொண்டு, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றியது.

நெஞ்சின் ஈரம் பெரிதே. ஆயினும், ஓர் உயிரை அதன் வாழ்நாள் முழுதும் காக்கும் பொறுப்பை ஏற்பவர்க்கு ஈரம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். மயில் போர்வையை உதறிவிட்டுக் காட்டினுள் செல்லலாம். வீட்டிற்குக் கொண்டுவரப்பட்ட நாய்க்கோ வேறு புகலிடம் இல்லை. அதனைக் கொண்டுவந்தவர் செய்யும் பிழையின் பயனை அந்நாயே நுகர வேண்டும். இவ்வுண்மையை அறிய விரும்புவோர் விலங்குக் காப்பகம் ஒன்றின் கடைசிக் கூண்டின்முன் சிறிது நேரம் நின்றால் போதும்.

சென்னை போன்ற நகரங்களில், அடர்ந்த வெண்மயிர் கொண்ட சிறு நாய்களைப் பலர் விரும்பி வளர்க்கின்றனர். குட்டியாக இருக்கும்போது அவை பஞ்சுப்பொதி போல் அழகாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல முதுமையும் நோயும் வருகின்றன. அப்போது சில வீட்டார், வளர்த்த நாயைத் தொலைவிலுள்ள தெருவில் விட்டுவிட்டு வந்துவிடுகின்றனர். அவ்வாறு கைவிடப்பட்ட நாய் ஒன்று காப்பகத்தின் கடைசிக் கூண்டில் இருப்பதாகக் கொள்ளலாம். அதன் எடை ஐந்து கிலோ. அகவை எட்டு இருக்கலாம். பின்காலின் முழங்காற் சில்லு அவ்வப்போது இடம்பெயர்வதால், நான்கு அடி நடந்தபின் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது. பற்கள் சொத்தையுற்று ஈறுகள் வீங்கியுள்ளன. இதயத்தின் வால்வு தளர்ந்திருப்பதால் நாள்தோறும் மருந்து கொடுத்தல் வேண்டும். இவையெல்லாம் சிறிய இன நாய்களிடம் பெரிதும் காணப்படும் நோய்களே. இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. திடீரெனத் தூக்கினால் அது கடித்துவிடும்.

காப்பகத்திற்கு நாய் தேடி ஒரு தந்தையும் மகளும் வருகின்றனர். துள்ளிவரும் குட்டிகளைத் தந்தை பார்த்துக்கொண்டு செல்ல, சிறுமி கடைசிக் கூண்டின்முன் நின்றுவிடுகிறாள்.

“அப்பா, இது ஏன் என்னிடம் வராமல் மூலைக்குப் போகிறது?” என்று கேட்கிறாள்.

“அது முரட்டு நாய் அம்மா, வா” என்கிறார் தந்தை.

அங்கே பணிசெய்யும் முதியவர் அவரை மறுக்கிறார். “முரடு இல்லை ஐயா. அதற்கு வலிக்கிறது. வலியைச் சொல்ல அதற்கு வேறு மொழி தெரியாது” என்கிறார்.

அம்முதியவர் கூறியதே உண்மை. நாயின் கடி பெரும்பாலும் தீய குணத்தினால் விளைவதன்று. அச்சத்தினாலோ வலியினாலோ விளைவது. பல்வலியால் துன்புறும் நாயின் முகத்தைத் தடவுவதும், முழங்கால் நோவும் நாயை வயிற்றைப் பற்றித் தூக்குவதும் அன்புச் செயல்களாகவே மனிதருக்குத் தோன்றும். நாய்க்கோ அவை துன்பங்கள். மேலும், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே, நாய்க்குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் காலமாகும். அக்காலத்தில் மனிதரின் மென்மையான கைகளை அறியாத குட்டி, வளர்ந்தபின்னும் கையைக் கண்டு அஞ்சுவது இயல்பு.

அஞ்சும் நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உதட்டை நக்குகிறது, உறக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுகிறது, வாலை ஒடுக்கி, கண்ணின் வெண்மை தெரியக் கடைக்கண்ணால் நோக்குகிறது. இவற்றையெல்லாம் மனிதர் கண்டுகொள்ளாதபோது உறுமுகிறது. உறுமலும் பயன்படாதபோதுதான் பல் வெளிப்படுகிறது. ஆதலின் உறுமும் நாயை அடித்துத் திருத்த முயல்வது பெரும் பிழையாகும். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடலாம்; ஆனால் அதன் அச்சம் நீங்குவதில்லை. எச்சரிக்கை மணியை உடைத்தெறிந்தவன் வீட்டில் தீப்பற்றினால், எவரும் அறியுமுன் அனைத்தும் எரிந்துபோகும் அன்றோ? முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாயை உருவாக்குவது பெரும்பாலும் மனிதனின் தடியே.

அத்தகைய நாயைப் பழக்கும் முறை எளியது. ஆனால் பொறுமை மிக வேண்டுவது. முதற்கண் மருத்துவம் செய்தல் வேண்டும். கெட்ட பற்களைக் கால்நடை மருத்துவர் நீக்கிவிட்டால், பல் இல்லாமலேயே நாய் மென்மையான உணவை உண்டு நலமாக வாழும். வலி தீர்ந்தவுடன் அதன் சினமும் பாதி தீரும். பின்னர், நாயை நெருங்காமல் பக்கவாட்டில் அமர்ந்து, அது தானே வரும்வரை காத்திருத்தல் வேண்டும். தலைக்கு மேலாகக் கையை நீட்டாமல், தாழ நீட்டி, மோந்து பார்க்க விடுதல் வேண்டும். தொடும்போதெல்லாம் அது விரும்பும் உணவைச் சிறிது கொடுத்தால், மனிதக் கை என்பது நன்மை தருவது என்று நாளடைவில் அது கற்றுக்கொள்ளும். மருத்துவரிடம் செல்லும் நாள்களுக்காக, வாய்ப்பூட்டு அணியவும் இனிய முறையிலேயே பழக்குதல் வேண்டும். இப்பயிற்சி சில நாள்களில் முடிவதன்று. திங்கள் பலவும் ஆகலாம். அதன் பின்னரும், அந்நாய் எல்லார் மடியிலும் ஏறி விளையாடும் நாயாக மாறாமற் போகலாம். தன்னைக் காப்பவர் ஒருவரின் காலடியில் அச்சமின்றி உறங்குமாயின், அதுவே பெரிய வெற்றியாகும்.

இந்நாயை யாவரும் ஏற்க வேண்டும் என்று கூறுவது அறிவுடைமை ஆகாது. தவழும் குழந்தை உள்ள வீடு அதற்கு ஏற்றதன்று. குழந்தைக்கும் தீங்கு, நாய்க்கும் தீங்கு. பகல் முழுதும் பூட்டிக் கிடக்கும் வீடும், மருந்துச் செலவைத் தாங்க இயலாத வீடும் அத்தகையனவே. ஓசை குறைந்த இல்லமும், பொறுமை மிக்க பெரியவர் ஒருவரும் இருந்தால் அந்நாய் நன்கு வாழும். ஆதலின் காப்பகத்தார் நாயின் குறைகளை மறைத்தல் கூடாது. ‘மிகவும் சாதுவான நாய்’ என்று பொய்கூறி அனுப்பிவைத்தால், முதற்கடியோடு அது திரும்பி வரும். மீண்டும் கைவிடப்பட்ட நாயின் அச்சம் முன்னினும் மிகும். ‘இது கடிக்கக்கூடும்; இன்ன இடத்தில் தொடலாகாது; இன்ன மருந்து வேண்டும்’ என்று மெய்யைக் கூறினால், கேட்போர் பதின்மரில் ஒன்பதின்மர் திரும்பிச் செல்லலாம். எஞ்சிய ஒருவர் அறிந்து ஏற்பவர். அவருக்காகக் காத்திருப்பதே அந்நாய்க்கு நன்மை. குறையைக் கூறுவது நாயைப் பழிப்பதன்று. அதற்குரிய துணையைத் தேடித் தருவதாகும்.

கைவிடப்பட்ட நாய்களுக்கென இல்லம் அமைக்கும் எண்ணம் நகைப்பிற்கு இடமாக இருந்த காலமும் உண்டு. 1860-ஆம் ஆண்டில் மேரி டீல்பி என்னும் பெண்மணி இலண்டன் நகரின் ஹாலோவே பகுதியில் அத்தகைய இல்லம் ஒன்றைத் தொடங்கியபோது, பலர் ஏளனம் செய்தனர். 1862-இல், எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழில், இருவகை நாய்க் காட்சிகளை ஒப்பிடும் கட்டுரை ஒன்று வெளிவந்தது. பரிசு பெறும் உயர்குல நாய்களின் கண்காட்சி ஒன்று. தெருவில் அலைந்து மெலிந்த நாய்கள் வாழும் அவ்வில்லம் மற்றொன்று. அவ்வில்லம் 1871-இல் பேட்டர்சி என்னுமிடத்திற்கு மாறி இன்றளவும் பணியாற்றி வருகிறது.

இந்தியாவிலும் இவ்வறம் சட்டமாக மலர்ந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் மேற்கொண்ட முயற்சியின் விளைவாக, விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. பசியாலோ தாகத்தாலோ வருந்தும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் குற்றம் என அச்சட்டம் கூறுகிறது. அதற்கு ஓராண்டிற்கு முன்னரே, 1959-இல், கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் இந்திய நீலச் சிலுவைச் சங்கத்திற்கு வித்திட்டார். ஆயினும், நாயைத் தெருவில் விடும் கை சட்டத்திற்கு அஞ்சுவதினும் தன் மனச்சான்றிற்கு அஞ்சுவதே சிறப்பு.

“மனிதருக்கே உணவும் மருந்தும் இல்லாதபோது, நோயுற்ற நாய்க்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று வினவுவோர் உளர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. இதற்குரிய விடையின் ஒரு பகுதி மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. 1914-ஆம் ஆண்டில், செருமனி நாட்டின் பான் நகருக்கு அருகிலுள்ள ஓபர்காசெல் என்னுமிடத்தில் பழங்காலப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழப் பதினாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அக்குழியில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களுடன் இளநாய் ஒன்றும் புதைக்கப்பட்டிருந்தன. அந்நாயின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள், அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயால் பல வாரங்கள் துன்புற்றிருக்க வேண்டும் என 2018-இல் வெளியிட்டனர். நோயுற்ற அந்நாய் வேட்டைக்கும் பயன்பட்டிராது, காவலுக்கும் பயன்பட்டிராது. மனிதர் அதனைப் பேணாதிருந்தால் அத்துணைக் காலம் உயிர்வாழ்ந்திருக்க இயலாது என்பது அவ்வறிஞர்களின் கருத்து. களஞ்சியமும் மருத்துவமனையும் இல்லாத மக்கள் அவர்கள்; நாளை உணவு கிடைக்குமா என்பதையும் அறியாதவர்கள். அவர்களே பயனற்ற ஒரு குட்டியை வெப்பமூட்டி, துடைத்து, நீரூட்டிக் காத்தனர் எனின், மிகுதியான வாழ்வைப் பெற்ற இக்காலத்தார் வறுமையைக் காரணம் காட்டுவது பொருந்துமா?

விடையின் மற்றொரு பகுதியும் உண்டு. காட்டு விலங்கு தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். நாயையோ மனிதன் தன் அடுப்பங்கரைக்கு அழைத்துவந்தான். சிறியதாகவும் அழகாகவும் இருக்கும்படி பல தலைமுறைகளாக இனம் பிரித்து வளர்த்தான். அதன் சின்னஞ்சிறு முழங்காலும், நெருங்கிய பற்களும் மனிதன் விரும்பிய வடிவத்திற்குக் கொடுக்கப்பட்ட விலைகளே. தன் விருப்பத்தால் விளைந்த குறையைக் கண்டு தானே முகம் சுளிப்பது அறமன்று. அன்றியும், ஓர் உயிரிடம் இரங்கும் நெஞ்சு மற்றோர் உயிரிடம் வறண்டு போவதில்லை. பயன் கருதாமல் ஒரு நாயைப் பேணக் கற்றவர், நோயுற்ற அண்டைவீட்டாரையும் கைவிடார்.

நாய்க்கடியின் தீமையை எளிதாக எண்ணுதலும் கூடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. 1885-இல் லூயி பாஸ்டர் இந்நோய்க்குரிய தடுப்பு மருந்தை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தி வெற்றி கண்டார். ஆதலின் வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதல் கடமை. எந்த நாய் கடித்தாலும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். அச்சத்தாலோ நாணத்தாலோ கடியை மறைத்தல் ஆகாது. எச்சரிக்கை இல்லாத இரக்கம் கொடைமடமே ஆகும்.

மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாயை வீட்டிற்குக் கொண்டுசெல்ல இயலாது, செல்லவும் வேண்டுவதில்லை. கட்டிக் கிடக்கும் நாயைக் கல்லால் சீண்டாதிருத்தலும், உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாதிருத்தலும் அவர்களால் இயலும். வீட்டார் நாய்க்குட்டி வாங்க எண்ணும்போது, “அது முதுமையடைந்து நோயுற்றாலும் வைத்துக் காப்போமா?” என்று ஒரு வினா எழுப்புதலும் இயலும். அவ்வினாவிற்கு விடை கூறத் தயங்கும் வீடு, குட்டியை வாங்காதிருத்தலே நன்று.

கடைசிக் கூண்டின் மூலையிலே அச்சிறுநாய் இன்னும் படுத்திருக்கிறது. விலையுயர்ந்த போர்வை அதற்கு வேண்டுவதில்லை. தன் வலியை அறிந்து, தன் உறுமலைப் பொறுத்து, தாழ நீட்டிய கையோடு அமைதியாகக் காத்திருக்கும் ஒருவரே அதற்கு வேண்டும். பேகனின் ஈரமும், ஆராய்ந்து அறியும் அறிவும் ஒருவரிடம் ஒன்றுசேரும் நாளில் அக்கூண்டின் கதவு திறக்கும்.