கேஸ் அடிப்பது ரிப்பேர் ஆகாது!



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது நதிநீர் இணைப்பு, வரதட்சணை ஒழிப்பு, விஞ்ஞான வளர்ச்சி என்று பல தலைப்புகளைச் சொன்னார்கள. அதையெல்லாம் எழுத நம் வகுப்பிலேயே நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது லாரி. அதிலும் ஒரு பழைய லாரியின் ஏ.சி. அதைப் பற்றி ஒரு கோபம் ரொம்ப நாளாக மனசுக்குள்ளே கிடக்கிறது. அந்தச் சுமையை இங்கே இறக்கி வைக்கிறேன்.

எங்கப்பா டிரெய்லர் டிரைவர். சங்ககிரியில் கிளம்பினால் நாக்பூர் தாண்டித்தான் மூச்சு விடுவார். அவர் ஓட்டுவது 2013 மாடல் வண்டி. கம்பெனியிலிருந்து வரும்போதே ஏ.சி. கேபினோடு வந்தது. இரண்டாவது முதலாளி கைக்கு வந்தபோது ஏ.சி. இருந்தது, குளிர்ச்சிதான் இல்லை. போன கோடையில் மட்டும் மார்ச்சில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை என்று மூன்று முறை கேஸ் அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும், "கேஸ் கம்மியா இருக்குதுங்க டிரைவரண்ணே, அடிச்சுட்டா ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார்கள். இருந்தது, பத்து நாள்! அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்குக் குறையவில்லை. முதல் தடவை முதலாளி கொடுத்தார். இரண்டாம் தடவை, "ஜன்னலைத் திறந்து விட்டு ஓட்டுய்யா, உங்கப்பன் காலத்துல ஏ.சி. இருந்துச்சா?" என்று கேட்டார். மீதி இரண்டும் அப்பாவின் பேட்டா காசு.

மே மாதம் நாக்பூர்ப் பக்கம் 45 டிகிரி வெயிலில் ஜன்னலைத் திறந்தால் வருவது காற்றா? அடுப்பங்கரை அனல். காலுக்கடியில் இன்ஜின் சூடு வேறு. பின்னால் லோடு. இரவு சரியாகத் தூங்காத கண்ணு. அந்தக் கண்ணு ஒரு நொடி மூடினால் என்ன ஆகும் என்று எங்கம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அவர் டிரிப்பில் இருக்கும்போது எங்கள் வீட்டில் போன் அடித்தால் யாரும் உடனே எடுக்க மாட்டோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்ந்து போகிற பொருள் அல்ல. கம்ப்ரஸர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர், மறுபடியும் கம்ப்ரஸர் என்று மூடிய வட்டத்துக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் யாராவது கேஸ் அடிக்கிறோமா? இல்லையே! அதில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டு வைத்து மூடப்பட்டிருக்கும். லாரியில் கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட் சுற்ற வேண்டும் என்பதால் அதன் ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் ஒரு சீல். குழாய்களும் ரப்பர் ஹோஸ். ஆகவே சில வருஷத்தில் கொஞ்சம் கேஸ் குறைவது இயற்கை. பத்து நாளில் குறைந்தால் அது இயற்கை அல்ல, ஓட்டை. ஓட்டைக் குடத்தில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றி மூன்று தடவையும் காசு வாங்கினால் அதற்குப் பெயர் ரிப்பேரா?

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் தடவை அடித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். எங்கள் வீட்டில் தெர்மோடைனமிக்ஸ் என்ற வார்த்தையை முதலில் உச்சரித்தவன் அல்லவா, சும்மா இருப்பேனா? இன்ஜினை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் கழித்துக் கேஜைப் பார்த்தேன். 95 பி.எஸ்.ஐ. காட்டியது. "கேஸ் சரியா இருக்குதுப்பா" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். அப்பாவும் நம்பி வண்டி எடுத்தார்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் உறைத்தது. ஓடாமல் நிற்கிற ஏ.சி.யில் ஆர்-134ஏ கேஸின் பிரஷர், வெளியே உள்ள வெப்பத்தைப் பொறுத்தது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் போதும், 30 டிகிரியில் ஏறக்குறைய அந்த 95-தான் காட்டும். வீட்டு சமையல் சிலிண்டர் போலத்தான். முழுதாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரியும், தூக்கிப் பார்த்தால்தான் எடை தெரியும். அதனால்தான் லாரி ஏ.சி.க்கும் எத்தனை கிராம் கேஸ் என்று லேபிளில் போட்டிருக்கிறான். தராசு வைத்து நிறுத்துத்தான் அடிக்க வேண்டும். கூட அடித்தாலும் கெடுதல், பிரஷர் ஏறிக் குளிர்ச்சி குறையும்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு நான் போன பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. அவரிடம் அப்பாவின் வண்டிக் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கேபினைத் தூக்கிப் பாத்தாங்களா கண்ணு?" யாருமே தூக்கிப் பார்க்கவில்லை!

வண்டி ஊருக்கு வந்ததும் அங்கே கொண்டு போனோம். கேபினைச் சாய்த்து, கம்ப்ரஸரிலிருந்து போகும் ஹோஸ் மேல் கையை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி என் விரலைப் பிடித்து வைத்தார். பிசுக்கு. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கலந்து ஓடுவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும், அதில் ரோட்டுத் தூசி அப்பிக்கொள்ளும். கிளிப் கழன்ற ஹோஸ் பிராக்கெட்டில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் சின்னச் சின்னதாக நுரை. அவ்வளவுதான் நண்பர்களே, மூன்று மாதம் எங்கள் வீட்டுக் காசைத் தின்ற பூதம்!

அதற்கப்புறம் நடந்ததுதான் ரிப்பேர். மிச்சக் கேஸை மெஷினில் இழுத்துச் சிலிண்டரில் பிடித்தார். ஹோஸ் புதிது, கழற்றிய ஜாயின்டுகளுக்கு ஆர்-134ஏ-க்கு ஏற்ற பச்சை நிற ஓ-ரிங், டிரையர் புதிது. டிரையர் என்பது ஈரத்தை உறிஞ்சும் டப்பா. திறந்த சிஸ்டத்துக்குப் பழசு உதவாது. பிறகு நைட்ரஜன் ஏற்றி மறுபடியும் சோப்புத் தண்ணீர். (நைட்ரஜன் இல்லை என்று வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றிவிடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.) பிறகு வேக்கம் பம்ப் 45 நிமிடம். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். "உள்ள இருக்கற ஈரம் கொதிச்சு வெளிய வரோணுமில்ல" என்றார். 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும் அளவுக்கு, அதாவது 29 அங்குலம் வரை, வேக்கம் இழுக்க வேண்டும். ஸ்டீம் டேபிளில் நான் மனப்பாடம் செய்திருந்த பாடத்தை அவர் கையால் செய்துகொண்டிருந்தார்! ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து ஆசிட் ஆகி உள்ளேயே அரிக்கும். பம்பை நிறுத்தி, முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் தராசு வைத்துக் கேஸ். மதியம் 2 மணிக்கு ஆரம்பித்தது 6 மணிக்கு முடிந்தது. அதில் கேஸ் அடித்த நேரம் 10 நிமிடம்.

குளிரவில்லை என்றாலே கேஸ் என்பதும் பொய். அந்தப் பட்டறையில் 15 நாளில் நான் பார்த்த வண்டிகளில் ஒன்றுக்கு ஹீட்டர் வால்வு மூடாமல் இன்ஜின் சுடுதண்ணீர் கேபினுக்குள் வந்துகொண்டிருந்தது. இன்னொன்றுக்குக் கண்டென்சர் முழுக்க மண்ணும் பூச்சியும். வேறொன்றில் யாரோ கார் கிளட்ச் காயிலை மாட்டியிருந்தார்கள். அது 12 வோல்ட், லாரி 24 வோல்ட், கருகிப் போச்சு. எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம் பிரஷர் சுவிட்சை ஒயர் போட்டு நேராக்குவது. கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்தத்தான் அந்த சுவிட்ச். கேஸ் இல்லையேல் ஆயிலும் சுற்றாது. நேராக்கினால் கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துக்கொள்ளும், செலவு பத்து மடங்கு.

சரி, தப்பு முழுக்க மெக்கானிக்குகள் மேலேயா? அங்கேதான் எனக்கு யோசனை வருகிறது. நாம் கேஸுக்குக் காசு கொடுக்கிறோம், ஹோஸுக்குக் காசு கொடுக்கிறோம். ஓட்டையைத் தேடிய இரண்டு மணி நேரத்துக்கு எந்த முதலாளியாவது காசு கொடுக்கிறாரா? "சும்மா தடவிப் பாத்ததுக்கு 500 ரூபாயா?" என்பார். லோடு காத்திருக்கு, ஒரு மணி நேரத்துல வண்டி வேணும் என்பார். அப்போது மெக்கானிக் என்ன செய்வார்? எதற்குக் காசு வருகிறதோ அதைத்தான் செய்வார். ஆகவே நாளைக்கு நாம் பட்டறை வைத்தால், 'பழுது கண்டறியும் கூலி' என்று தனியாக எழுதிப் பலகை மாட்ட வேண்டும் என்பது என் கருத்து. டாக்டர் ஃபீஸ் வாங்குகிறார், ஊசி போடாவிட்டாலும் வாங்குகிறார். நாம் வாங்கக் கூடாதா?

இது எங்கப்பா ஒருவருடைய வண்டிக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. நல்ல சட்டம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் புது லாரி எத்தனை நாள் புதுசு? வாரண்டி முடிந்து, இரண்டாம் கை மாறி, கிளிப் கழன்று, நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் வந்து நிற்கப் போகும் அந்த லாரிகளை யார் பார்ப்பது? இன்னொன்றும் உண்டு. 1 கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது 1,300 கிலோ கரியமில வாயுவுக்குக் குறையாது. கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது, 2032 முதல் இந்த வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஓட்டையோடு கேஸ் அடிப்பவர் வெயிலுக்கு மருந்து தருவதாகச் சொல்லி வெயிலையே விற்கிறார்!

நம் லேபில் ஒரு ஃபிரிட்ஜ் யூனிட் இருக்கிறது. ரீடிங் எடுத்து சி.ஓ.பி. கண்டுபிடித்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். நான் பேரவையைக் கேட்பது இதுதான்: காயலான் கடையிலிருந்து ஒரு பழைய லாரியின் ஏ.சி. செட்டை வாங்கி ஒரு ஸ்டாண்டில் பொருத்தித் தரும்படி முதல்வர் அவர்களிடம் மனுக் கொடுங்கள். கூடவே ஒரு கேஜ் செட், வேக்கம் பம்ப், தராசு. எங்கேயாவது ஒரு ஓட்டையை வேண்டுமென்றே போட்டு வைத்து, "கண்டுபிடி" என்று எங்களை விடுங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.

அப்பா வண்டிக்கு ஏழு மாதமாகக் கேஸ் அடிக்கவில்லை. சீல் காயாமல் இருக்க, மழைக்காலத்திலும் வாரம் ஒரு தடவை 10 நிமிடம் ஏ.சி. போடச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் போனில் பேசியபோது, கிளீனர் தம்பி போர்வை கேட்கிறான் என்று சொல்லிச் சிரித்தார்.