போட்டியா, பணியா?

யாழ்ப்பாணத்துச் சிறுமியொருத்தி 2023ஆம் ஆண்டிலே சென்னைத் தொலைக்காட்சியொன்றின் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றாள். அன்று தொடக்கம், பாடத் தெரிந்த நம் பிள்ளைகளுக்குக் கடல் ஒரு தடையாகத் தோன்றவில்லை. அண்மையில் நம் மாணவனொருவன் பாடம் முடிந்த பின்னரும் வகுப்பறை வாயிலிற் காத்து நின்று, "சேர், வெளிநாட்டுப் போட்டியிற் பாடுவதற்கும் வேலை விசா வேண்டுமாமே! பாடுவது வேலையா?" என்று வினவினான். சிறுவன் கேட்ட கேள்விதான். ஆயினும் பெரிய நாடுகளின் நீதிமன்றுகளும் விடை காண இடர்ப்பட்ட கேள்வி அது. ஆதலின் இவ்வாரம் அதனையே ஆராய்வோம்.

விசா என்பது ஒரு நாட்டினுள் நுழைவதற்குரிய அனுமதி மட்டுமன்று. நுழைந்தவர் அங்கே யாது செய்யலாம், யாது செய்யலாகாது என வரையறுப்பதும் அதுவே. பார்வையாளராக வந்தவர் ஊதியம் பெறலாகாது என்பது பெரும்பாலான நாடுகளின் பொதுவிதி. 'ரியாலிட்டி' எனப்படும் தொலைக்காட்சிப் போட்டிகளிலோ பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை. வெல்பவருக்குப் பரிசு உண்டு. அங்கே நிற்பவர் விருந்தினரா, தொழிலாளியா என்பதே சிக்கல்.

பிரித்தானியாவின் குடிவரவு விதிகள் இவ்விடயத்தில் ஓரளவு தாராளமானவை. கலைஞரும் பாடகரும் பார்வையாளராக வந்து போட்டிகளிலும் தெரிவுத் தேர்வுகளிலும் பங்குபற்றலாம். பரிசுப் பணத்தையும் பெற்றுக்கொள்ளலாம். ஐக்கிய அமெரிக்காவும், பயிற்சியால் வல்லவரேனும் தொழிலாகக் கொள்ளாத பாடகரும் விளையாட்டு வீரரும் ஊதியமின்றிப் போட்டிகளிற் கலந்துகொள்வதைப் பார்வையாளர் விசாவிலேயே அனுமதிக்கின்றது. ஆயினும் அந்நாட்டிலே 2002ஆம் ஆண்டு தொடங்கிய 'அமெரிக்கன் ஐடல்' என்னும் புகழ்பெற்ற பாட்டுப் போட்டி, அந்நாட்டிற் சட்டப்படி தொழில் செய்யும் உரிமை உடையோரையே ஏற்றுக்கொள்ளுகின்றது. வென்றவர் மறுநாளே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டுப் பாட வேண்டியவர் அன்றோ! மேடையிற் போட்டியாகத் தொடங்குவது, மேடையை விட்டு இறங்குமுன்னரே தொழிலாகி விடுகின்றது.

இனிப் பிரான்சு தேசத்தை நோக்குவோம். காதலரின் மனவுறுதியைத் தொலைதூரத் தீவொன்றிலே சோதிக்கும் நிகழ்ச்சியொன்று அங்கே ஒளிபரப்பாயிற்று. 'சபலத் தீவு' எனப் பொருள்படும் பெயர் அதற்கு. அதிற் பங்குபற்றிய சிலர், தாம் செய்தது வேலையே எனக் கூறி வழக்குத் தொடுத்தனர். "அவர்கள் விளையாடினார்கள், வேலை செய்யவில்லை" என்பது நிறுவனத்தாரின் வாதம். அந்நாட்டின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்று 2009ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் திகதி அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. துயிலும் நேரமும் எழும் நேரமும் நிறுவனத்தார் விதித்தவை. சில காட்சிகள் மீண்டும் மீண்டும் நடிப்பிக்கப்பட்டன. வெளியே செல்லவோ வெளியாரோடு பேசவோ இடமில்லை. விதி மீறினால் வெளியேற்றம். பிறர் கட்டளைக்கு அடங்கி, பிறருக்கு இலாபந்தரும் ஒரு பொருளை ஆக்குபவர் தொழிலாளியே எனத் தீர்ப்பாயிற்று. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் தொழிலுறவுச் சபையின் பிரதேச அலுவலகமொன்றும், 'லவ் இஸ் பிளைண்ட்' என்னும் நிகழ்ச்சியிற் பங்குபற்றியோர் ஊழியரே என வாதிட்டு முறைப்பாடு பதிவு செய்தது.

இவ்விரு வகை விதிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். 'இது விளையாட்டு' என்று சட்டம் கூறுமாயின், அயல்நாட்டவருக்கு வாயில் எளிதில் திறக்கின்றது. ஆனால் உள்ளே, வேலை நேரம், ஓய்வு, ஊதியம் ஆகியவற்றுக்குக் காவல் இல்லை. 'இது வேலை' என்று கூறுமாயின் காவல் உண்டு. வாயிலோ எளிதில் திறவாது. உள்நாட்டுப் போட்டியாளருக்கு இத்தொல்லை இல்லை. வழக்காடினாலும் அவரை ஊரைவிட்டு அனுப்புவார் இல்லை. அயலாரோ, முறையிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டி வருமோ என அஞ்சி வாய் திறவார்.

மேடைப் புகழ் இவ்வச்சத்தைப் போக்கிவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2010ஆம் ஆண்டு பிரித்தானியாவின் 'எக்ஸ் பாக்டர்' போட்டியிலே காமு நெங்கு என்னும் பதினெட்டு வயது நங்கை பாடி மக்கள் மனங்கவர்ந்தாள். சிம்பாப்வேயிற் பிறந்து, குடும்பத்தோடு ஸ்கொட்லாந்தில் வாழ்ந்தவள். போட்டி நிகழ்ந்த அக்காலத்திலேயே அக்குடும்பத்தின் வதிவிட அனுமதி நீடிக்கப்படாது மறுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அவளுக்காகக் குரல் கொடுத்தனர். எனினும் கைதட்டலை விசாவாக ஏற்கும் குடிவரவு அலுவலகம் எங்குமில்லை. நீதிமன்றிலே போராடி 2011ஆம் ஆண்டிலேதான் அக்குடும்பம் தங்கியிருக்கும் உரிமையைப் பெற்றது.

ஆதலாற் பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. பிள்ளையின் திறமையைத் தடுக்க வேண்டாம். ஆனால் பயணச்சீட்டு வாங்குமுன் இரண்டு தாள்களை ஒன்றாக வைத்துப் படியுங்கள். ஒன்று விசாவின் நிபந்தனை. மற்றையது நிறுவனத்தாரின் ஒப்பந்தம். ஒப்பந்தம் கேட்பதை விசா அனுமதிக்கின்றதா? பரிசு வென்றால் அதனைப் பெறலாமா? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பிள்ளை மேடையில் நிற்க வேண்டும்? தோற்றால் திரும்பிவரும் செலவு யாருடையது? இந்தியாவுக்குச் செல்வோர் விசா பற்றிய ஐயங்களைக் கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகராலயத்திலோ யாழ்ப்பாணத்திலுள்ள துணைத் தூதரகத்திலோ நேரிற் கேட்டறிதல் நன்று. "மற்றவர்கள் இப்படித்தான் போனார்கள்" என்னும் அயலவர் சொல்லை நம்பிப் புறப்படுதல் நன்றன்று.

அம்மாணவனுக்கு நாம் அளித்த விடையையும் கூறி முடிப்போம். "தம்பி, நீ உன் வீட்டு முற்றத்திலே பாடினால் அது பாட்டு. பிறர் குறித்த நேரத்திலே, பிறர் சொன்னபடி, பிறர் இலாபத்துக்காகப் பாடினால் அது வேலையும் ஆகும். வேலை செய்வதில் இழிவில்லை. அதனை வேலை என்று அறியாமற் செய்வதிலேதான் இழப்பு உண்டு."

அவன் சிறிது நேரம் யோசித்து, "அப்படியென்றால் ஒப்பந்தத்தை முதலிற் படிக்கவேண்டும், சேர்," என்றான். பாடத்தை அவன் விளங்கிக்கொண்டான்.